அளந்து ஊற்றிய தண்ணீர்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று நோயாளிகளின் இல்லங்களுக்கு நற்கருணை எடுத்துச் செல்வது நமது நெடுநாள் வழக்கம். குருப்பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட இந்நாளில், அந்த இல்லங்கள் யாவும் நம் நினைவில் ஒரே இல்லமாகவே தோன்றுகின்றன. கட்டிலோரத்தில் வெள்ளைத்துணி விரித்த சிறு மேசை, அதன்மேல் எரியும் மெழுகுவர்த்தி, கட்டிலில் தலையணையில் சாய்ந்திருக்கும் நோயாளி. அவர் அருகே அமர்கிறோம், கையைப் பற்றுகிறோம், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறோம், செபிக்கிறோம், நற்கருணை வழங்கி எழுகிறோம். இவ்வளவு நேரமும் அடுக்களை வாசலில், ஈரக்கையை முந்தானையில் துடைத்தவாறு இன்னொருவர் நின்றுகொண்டிருக்கிறார். நோயாளியின் மனைவி; சில வீடுகளில் கணவர். நாம் எழுந்ததும் அவர் "காப்பி கொண்டு வரட்டுமா சாமி?" என்று கேட்கிறார். வேண்டாம் என்று கூறி அடுத்த வீட்டுக்கு நடக்கிறோம்.

அந்த வாசலில் நிற்பவரைப் பற்றித்தான் இக்கட்டுரை. அவரை நாம் காணத் தொடங்கியது நமது நல்ல மனத்தினால் அன்று. நாம் செய்த ஒரு பிழையினால்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டை வட்டாரத்துப் பூந்தோட்டங்களுக்கு இடையே உள்ள ஒரு பங்கில் நாம் பணியாற்றிய காலம் அது. அங்கே ஒரு கொத்தனார் இருந்தார். வயது நாற்பத்தெட்டு. நம் கோயிலின் மணிக்கூண்டைப் பழுதுபார்த்தவரும், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவரை எழுப்பியவரும் அவரே. கைநிறைய வேலை, கலகலப்பான பேச்சு, திருவிழாவில் தேர் இழுக்க முதல் ஆளாய் நிற்கும் உடல்வலிமை. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. வலியில்லாத நோயை யார் பொருட்படுத்துகிறார்கள்? கால் வீங்கியது, முகம் ஊதியது, சோறு இறங்கவில்லை. பரிசோதித்தபோது இரு சிறுநீரகங்களும் ஏறத்தாழ முழுமையாகவே செயலிழந்திருந்தன.

அதன்பின் அவர் வாழ்க்கை மூன்று கிழமைகளுக்குள் அடங்கிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி. அந்நாள்களில் திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடக்கவேண்டும். இயந்திரத்துக்கு இரத்தம் போய்வரும் பொருட்டு, இடக்கையில் சிரையையும் தமனியையும் இணைத்து அறுவை செய்திருந்தார்கள். ஃபிஸ்டுலா என்பது அதன் பெயர். அக்கையால் பாரம் தூக்கலாகாது. அதில் ஊசி போடலாகாது. இரத்த அழுத்தம் பார்க்கவும் கூடாது. பாரம் தூக்காத கொத்தனார் எங்கே இருக்கிறார்? நாளொன்றுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் ஈட்டிய கை, ஒரு சாந்துச் சட்டியைக்கூடத் தொடமுடியாத கையாயிற்று.

வீட்டின் பாரம் மனைவியின் தையல் இயந்திரத்தின்மேல் ஏறியது. ரவிக்கை தைப்பதில் அந்த அம்மாள் கைதேர்ந்தவர். ஆயினும் வாரத்தில் மூன்று நாள் அதிகாலைப் பேருந்தில் கணவரை அழைத்துச் சென்று, பிற்பகலில் தள்ளாடித் திரும்பும் அவரைத் தாங்கிக்கொண்டு வீடு சேர்பவர் எப்பொழுது தைப்பது? இரவில்தான். குறித்த நாளில் துணி கிடைக்காதவர்கள் மெல்ல வேறு கடை தேடிப் போனார்கள். மூத்த மகன் படிப்பை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் சென்றான். மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். தாலிக்கொடி அடகுக்குப் போய், அம்மாளின் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. மகளிர் குழுக் கடனுக்கு வாரந்தோறும் தவணை கட்டவேண்டும்.

'அரசு காப்பீடு இருக்கிறதே' என்று நீங்கள் நினைக்கலாம். நாமும் அவ்வாறே நினைத்திருந்தோம். இருக்கிறது; அதற்காக இறைவனுக்கு நன்றி. 2012ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. 2016ஆம் ஆண்டில் நடுவண் அரசு அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டமும் ஏழைகளுக்காகவே ஏற்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன்பு நம் ஊர்ப்புறங்களில் இந்நோய் கண்ட ஏழைகள் இயந்திரத்தைக் கண்ணாலும் காணாமல் இறந்தார்கள், இன்று பிழைத்திருக்கிறார்கள். ஆனால் இயந்திரத்தின் கட்டணத்தை ஏற்கும் காப்பீடு பேருந்துக் கட்டணத்தை ஏற்பதில்லை. வழியில் வாங்கும் இட்லியை, இழந்த கூலியை, தைக்கப்படாத ரவிக்கையை அது ஏற்பதில்லை. வாரத்தில் மூன்று பகல்களை ஒரு குடும்பத்திடமிருந்து நோய் எடுத்துக்கொள்கிறது. அப்பகல்களைத் திருப்பித் தரும் காப்பீடு எதுவும் இதுவரை ஏற்படவில்லை.

இவையெல்லாம் நாம் பின்னர் அறிந்தவை. முன்னர் அறிந்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திராது.

அவ்வாண்டு பெரிய வெள்ளியன்று, சிலுவையில் ஆண்டவர் மொழிந்த ஏழு வாக்குகளைப் பற்றி மறையுரையாற்றினோம். தாகத்தைக் குறித்த ஐந்தாம் வாக்கின்போது மக்கள் கண்கலங்கியதாகப் பலர் பின்னர் கூறினர். நமக்கும் உள்ளூர ஒரு நிறைவு இருந்தது, மறைப்பானேன்? அடுத்து வந்த உயிர்ப்பு ஞாயிறும் கழிந்து, அதற்கடுத்த ஞாயிறாகிய இறை இரக்கத்தின் ஞாயிறன்று மாலை, உபதேசியார் வந்து கொத்தனார் நம்மைக் காணவேண்டும் என்று சொல்லியனுப்பியதாகக் கூறினார்.

சென்றோம். கோடை வெயில் தாழ்ந்தும் ஓட்டு வீட்டின் வெக்கை தணியவில்லை. கொத்தனார் கட்டிலில் அமர்ந்திருந்தார், உதடுகள் வெடித்திருந்தன. நம்மைக் கண்டதும் குரல் உடைந்தது.

"சாமி, நீங்களே கேளுங்க. தாகத்துக்குத் தண்ணி கேட்டா அளந்து ஊத்துறா. அரை டம்ளர். அதுக்கு மேல கேட்டா சொம்பைத் தூக்கி உள்ள வச்சுர்றா. கட்டின பொண்டாட்டி செய்யிற வேலையா சாமி இது?"

அம்மாள் வழக்கம்போல் வாசலில் நின்றார். மருத்துவர் சொன்னது என்று ஏதோ கூறத் தொடங்கினார். நாம் அவரை முடிக்க விடவில்லை. தாகத்தாயிருப்போருக்குத் தண்ணீர் கொடுப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்பதையும், இறுதித் தீர்ப்பில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளுள் அதுவும் இருக்கிறது என்பதையும் எடுத்துரைத்தோம். நோயாளியிடம் கடுமை கூடாது என்றோம். திருமணத்தன்று பீடத்தின் முன் இருவரும் கொடுத்த வார்த்தையை நினைவூட்டினோம். அவர் கணவரின் முன்னிலையிலேயே, படித்துக்கொண்டிருந்த மகளின் செவியில் விழும்படியே, இவ்வளவும் கூறினோம்.

அம்மாள் ஒரு விநாடி நம்மைப் பார்த்தார். பிறகு, "சரிங்க சாமி" என்றார். உள்ளே சென்று ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கணவரிடம் கொடுத்தார். அவர் ஒரே மூச்சில் குடித்தார். நாம் ஆசி வழங்கிவிட்டு மனநிறைவோடு கோயில் இல்லம் திரும்பினோம்.

மறுநாள் திங்கள். நள்ளிரவு கடந்த வேளையில் கதவு தட்டப்பட்டது. கொத்தனாரின் மகள், பக்கத்து வீட்டுப் பெரியவருடன் நின்றிருந்தாள். "அப்பாவுக்கு மூச்சு விட முடியல சாமி." நோயில்பூசுதலுக்கான எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடினோம். அவரால் படுக்க முடியவில்லை. கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, நீரில் மூழ்குபவரைப்போல் காற்றுக்குத் தவித்தார். நெற்றியிலும் கைகளிலும் பூசினோம். 108 ஊர்தி வந்தது. நாமும் ஏறிக்கொண்டோம்.

மருத்துவமனையில் உடனடியாக இயந்திரத்தில் சேர்த்தார்கள். இளம் மருத்துவர் ஒருவர் அவரது எடையையும் வீக்கத்தையும் பார்த்துவிட்டு அம்மாளிடம் கேட்டார்: "தண்ணி எவ்வளவு குடிச்சார்? உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கோம்? நீங்களே இப்படி விட்டா எப்படிம்மா?"

அம்மாள் தரையைப் பார்த்தார். "வெயில் சாஸ்தி சார். அதான் கொஞ்சம் கூடப் போச்சு" என்றார்.

நம்மைக் கைகாட்டவில்லை. நாம் இரண்டடி தொலைவில் வெள்ளை அங்கியுடன் நின்றிருந்தோம். நாமும் வாய் திறக்கவில்லை. ஞாயிறன்று பேசியது ஒரு குற்றம் என்றால், செவ்வாய் அதிகாலையில் பேசாமல் நின்றது இன்னொரு குற்றம். முந்தியது அறியாமையால் நேர்ந்தது. பிந்தியதற்கு அந்தச் சாக்கும் இல்லை.

விடியும்வரை வெளியே மரப்பலகையில் அமர்ந்திருந்தோம். அங்கிருந்த செவிலியர் ஒருவர் நாம் கேட்டபோது பொறுமையாக விளக்கினார். சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலிலிருந்து நீர் வெளியேற வழியில்லை. குடிப்பது ஒரு லிட்டரானால் எடை ஒரு கிலோ ஏறும். இயந்திரம் அதை இழுத்து வெளியேற்றும்வரை அது உடலிலேயே தங்கும்; மிகுந்துவிட்டால் நுரையீரலுக்குள் கோத்துக்கொள்ளும். ஆகவே நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று அளவு விதிக்கிறார்கள். கஞ்சி, குழம்பு, காப்பி, மோர் ஆகிய யாவும் அந்த அளவுக்குள்ளேயே அடங்கவேண்டும். மூன்று முறை டயாலிசிஸ் செய்வோர்க்கும் சனிக்கும் செவ்வாய்க்கும் இடைப்பட்ட நீண்ட இடைவெளியே ஆபத்து மிகுந்தது. அந்த இடைவெளியின் நடுவில்தான் நாம் போய் இரக்கத்தைப் பற்றிப் பேசியிருந்தோம்.

அம்மாள் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. வாங்கிப் பார்த்தோம். மகளின் பழைய கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து தேதிவாரியாக எழுதியிருந்தார்: இயந்திரத்தில் ஏறுமுன் எடை, இறங்கியபின் எடை, இரத்த அழுத்தம், குடித்த நீர். காய்கறியை நறுக்கி நீரில் ஊறவைத்து, வேகவைத்த நீரையும் வடித்துக் கொட்டவேண்டும் என்பது ஒரு குறிப்பு. இளநீர், வாழைப்பழம், கருவாடு, ஊறுகாய் ஆகாது என்பது மற்றொன்று. அவற்றின் நடுவே பேருந்துக் கட்டணம், குழுத் தவணை, பாக்கி வைத்த ரவிக்கைக் கூலி. ஒரே பக்கத்தில் கணவரின் உயிர்க்கணக்கும் வீட்டின் பணக்கணக்கும் அடுத்தடுத்து இருந்தன. ஞாயிறு, திங்கள் இரு நாள்களுக்கு மட்டும் தண்ணீர்க் கணக்கு எழுதப்படவில்லை.

அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சொன்ன மறுமொழியை நாம் எதிர்பார்க்கவில்லை.

"நீங்க சொன்னதுனால மட்டும் இல்ல சாமி. எனக்கும் அளந்து அளந்து அலுத்துப்போச்சு. ஊருல எல்லாரும் வந்து அவருக்கு நல்லவங்களா இருந்துட்டுப் போறாங்க. இல்லேன்னு சொல்றவ நான் ஒருத்திதான். ஒருநாளாச்சும் அவரு கேட்டதைக் கொடுத்துட்டு நானும் நல்லவளா இருக்கணும்னு தோணிருச்சு."

இறையியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் பயின்றோம். நோயில்பூசுதல் மரணத் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் எடுத்துரைத்ததையும், 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் முறையைப் புதுப்பித்ததையும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோம். நோயாளியைக் குறித்து இவ்வளவு கற்ற நாம், 'இல்லை' என்று சொல்வதும் அன்பின் ஒரு வேலை என்பதை அந்த மரப்பலகையில்தான் கற்றோம். வருவோர் போவோர் கொடுக்கும் இரக்கம் எளிது. அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நாள்தோறும் உடனிருப்பவரின் இரக்கத்துக்கு அளவுகோல் வேண்டியிருக்கிறது. அந்த அளவுகோலைப் பிடித்திருக்கும் கை நோயாளிக்கும் பிடிப்பதில்லை, பார்ப்போருக்கும் பிடிப்பதில்லை.

அன்று பங்கு இல்லம் திரும்பியதும் தோபித்து நூலை எடுத்தோம். திருமணத் திருப்பலிக்கான வாசகங்களுள் அந்நூலின் எட்டாம் அதிகாரத்துப் பகுதி ஒன்றும் உண்டு. இளைஞன் தோபியாவும் சாராவும் மணநாள் இரவில் செய்யும் மன்றாட்டு. எத்தனையோ திருமணங்களில் அதைப் பற்றி மறையுரை ஆற்றியிருக்கிறோம். அதே நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இன்னொரு தம்பதியர் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. தோபியாவின் பெற்றோராகிய தோபித்தும் அன்னாவும்.

தோபித்து அறச்செயல்களுக்குப் பேர்பெற்றவர். பசித்தவர்க்கு உணவளித்தவர், இறந்தோரை அடக்கம் செய்தவர். அவர் கண்பார்வை இழக்கிறார். மருத்துவர்களிடம் போகப்போக நோய் முற்றுகிறது. உறவினர் அகிக்கார் இரண்டு ஆண்டுகள் தாங்குகிறார். பிறகு அவரும் வேறிடம் சென்றுவிடுகிறார். அன்னா நெசவு வேலைக்குப் போய்க் கூலி பெறுகிறார். ஒருநாள் கூலி கொடுத்தவர்கள் மகிழ்ந்து ஓர் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துத் தருகிறார்கள். வீட்டில் அது கத்துகிறது. பார்வையற்ற தோபித்து, அது திருடப்பட்டதோ என்று ஐயுற்று, திருப்பிக் கொடுத்துவிடும்படி அதட்டுகிறார். அன்பளிப்பு என்று மனைவி சொல்லியும் நம்ப மறுக்கிறார். அன்னா வெகுண்டு, உம்முடைய அறமெல்லாம் இப்பொழுது எங்கே என்று கேட்டுவிடுகிறார். தோபித்து மனம் நொந்து, தமக்குச் சாவு வரவேண்டும் என்று மன்றாடுகிறார்.

தூயவர்கள் இருவர், ஆனாலும் அந்த வீட்டில் சண்டை. நோய், வேலையிழப்பு, வருமானக் குறைவு, அகன்றுவிட்ட உறவினர், சந்தேகம், சுடுசொல் என்று நம் பங்கின் எந்தத் தெருவிலும் நிகழக்கூடியதைத் திருநூல் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. தோபித்தை வருத்தியது பார்வையின்மை மட்டுமன்று என்றே நமக்குப் படுகிறது. கொடுத்துப் பழகிய கை, மனைவியின் கூலியை எதிர்பார்த்து நிற்க நேர்ந்ததே, அதுவும்தான்.

நம் கொத்தனாரும் சில வாரங்கள் கழித்து இதையே வேறு சொற்களில் சொன்னார். "சம்பாதிச்ச காலத்துல கேட்டதை நானே எடுத்துக் குடிச்சவன் சாமி. இப்ப ஒரு டம்ளர் தண்ணிக்கு அவகிட்ட கை நீட்ட வேண்டியிருக்கு. தாகத்தைக்கூடத் தாங்கிருவேன். அதைத்தான் தாங்க முடியல." செவிலியரின் யோசனைப்படி, அன்றிலிருந்து தண்ணீர்ப் புட்டியை அவர் கையிலேயே கொடுத்தார்கள். காலையில் அன்றைய அளவை நிரப்பி, வேளைக்கு இவ்வளவு என்று கொத்தனார்ப் பென்சிலால் புட்டியில் கோடு கிழித்துக்கொண்டார். ஆயுள் முழுதும் மட்டம் பார்த்த கை அல்லவா? கோடுகள் நேராகவே இருந்தன. சண்டைகள் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. தண்ணீரைப் பற்றிய சண்டை மட்டும் குறைந்தது.

பங்கு என்ன செய்தது என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்கிறோம்.

அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசினோம். நமது பிழையையும் சேர்த்தே பேசினோம். பணம் திரட்டலாம் என்பதே முதல் யோசனையாக வந்தது. அம்மாளையே கேட்போம் என்றார் ஒரு மூதாட்டி. கேட்டோம். அவர் பணம் கேட்கவில்லை. "வாரத்துல ஒருநாள் அவரோட யாராச்சும் போய் வந்தா, அன்னைக்கு நான் உட்கார்ந்து தைச்சிருவேன்" என்றார். சனிக்கிழமைகளில் ஒன்பது பேர் முறைவைத்துச் செல்வதாக ஏற்பாடாயிற்று. வின்சென்ட் தே பவுல் சபையினர் பேருந்துக் கட்டணத்தை ஏற்றனர். பள்ளிச் சீருடை தைக்கும் வேலையில் ஒரு பகுதி அம்மாளுக்கு வந்தது. 1994இல் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் கொத்தனார் பதிவு செய்திருந்தும், அட்டை புதுப்பிக்கப்படாமல் பெட்டியில் கிடந்தது. கல்லூரி மாணவி ஒருத்தி அதைக் கையிலெடுத்து, அலுவலகத்துக்குப் பலமுறை நடந்து புதுப்பித்துத் தந்தாள்.

முதல் இரண்டு மாதங்கள் எல்லாம் முறையாக நடந்தன. பிறகு ஒருவருக்குத் தேர்வு, ஒருவருக்கு அறுவடை, ஒருவருக்குத் திருமணம். நான்காம் மாதத்தில் ஒன்பது பேர் இருவராயினர். அந்த இருவரில் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவரே அல்லர்; கொத்தனாரிடம் முன்பு கையாளாக இருந்து தொழில் கற்ற இந்து இளைஞர். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை தம் கூலியை இழந்து உடன் போனார். எதற்காக என்று கேட்டபோது, "மேஸ்திரி எனக்குக் கரண்டி பிடிக்கக் கத்துக்கொடுத்தவரு சாமி" என்றார். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தெரியவில்லை. நம் அன்பியத்தைக் குறைகூற இதை எழுதவில்லை. நெடுநோய் ஒரு வீட்டை மட்டும் சோதிப்பதில்லை. அவ்வீட்டைச் சுற்றியுள்ளோரின் நினைவாற்றலையும் சோதிக்கிறது. அவசரத்துக்கு ஓடிவரும் குணம் நம்மிடம் நிறைய உண்டு. ஆறாம் மாதத்திலும் அதே சனிக்கிழமையை நினைவில் வைத்திருப்பதே அரிதாக இருக்கிறது.

கொத்தனார் இன்னும் வாரம் மூன்று முறை சென்று வருகிறார். தம் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தர அம்மாள் முன்வந்தார். 1994ஆம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டம் கணவன் மனைவியரை நெருங்கிய உறவினர் என ஏற்கிறது. ஆனால் பரிசோதனையில் அம்மாளுக்கும் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து, மருத்துவர்கள் மறுத்துவிட்டார்கள். இவ்வளவு காலம் கணவருக்காகக் காய்கறியை ஊறவைத்து வடித்தவர், தம் உடலைப் பற்றி ஒருநாளும் எவரிடமும் சொன்னதில்லை. நாமும் ஒருநாளும் கேட்டதில்லை. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கொடைக்கென 2008 முதல் நம் மாநிலத்தில் நடைபெறும் திட்டத்தில் கொத்தனாரின் பெயர் பதிவாகியிருக்கிறது. காத்திருக்கிறார்கள். தோபித்துக்குப் பார்வை திரும்பியது. எல்லா வீடுகளிலும் அவ்வாறு முடிவதில்லை என்பதை நாமும் அறிவோம், அவர்களும் அறிவார்கள்.

இப்பொழுது நாம் வேறொரு பங்கில் இருக்கிறோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்தி, 1993 முதல் பிப்ரவரி 11ஆம் நாள் கொண்டாடப்படும் உலக நோயாளர் நாளில், நோயாளிகளை முன்வரிசையில் அமர்த்தித் திருப்பலி நிறைவேற்றுவது வழக்கம். சென்ற பிப்ரவரியில் அவர்களோடு வந்தவர்களையும் முன்வரிசையிலேயே அமரச் சொன்னோம். முதலில் தயங்கினார்கள், தூண்களின் அருகே நிற்கவே விரும்பினார்கள். நலமாயிருப்போருக்கு நோயில்பூசுதல் வழங்குவதில்லை. அது திருச்சபையின் ஒழுங்கு. ஆகவே எண்ணெய் பூசவில்லை. திருப்பலிக்குப் பின் நடந்த உணவில், நோயாளிகளுக்கு ஊட்டும் பொறுப்பை இளையோர் ஏற்க, இவர்களை முதற்பந்தியில் அமர்த்திப் பரிமாறினோம். தம் கணவருக்கு ஊட்ட எழ முயன்ற ஒரு பெண்மணியை இருமுறை உட்கார வைக்கவேண்டியிருந்தது.

திருமண ஆயத்தத்துக்கு வரும் இளைஞர்களிடம் தோபித்து நூலின் எட்டாம் அதிகாரத்தோடு இரண்டாம் அதிகாரத்தையும் வாசித்துவரச் சொல்கிறோம். நோயிலும் துணையிருப்பேன் என்று வாக்களிக்கையில், யார் நோயாளி, யார் துணை என்பது அன்று எவருக்கும் தெரியாது. துணையாக நிற்கப்போகிறவருக்கு நோயாளியின் அளவுக்கே தேவைகள் உண்டு என்பதை முன்னரே சொல்லி வைப்பது நல்லது.

முதல் வெள்ளிகளில் நற்கருணையை எடுத்துக்கொண்டு இன்னமும் வீடு வீடாகப் போகிறோம். செபம் முடிந்ததும் அடுக்களை வாசல்வரை சென்று, அங்கே நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்கிறோம். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" பெரும்பாலும் முதலில் வரும் விடை, "அவருக்குப் பரவாயில்லை சாமி" என்பதே. நாம் அவரைப் பற்றிக் கேட்கவில்லை என்று மறுபடியும் கேட்கவேண்டியிருக்கிறது. காப்பி கொண்டு வருகிறேன் என்று அவர்கள் சொன்னால், இப்பொழுதெல்லாம் வேண்டாம் என்று சொல்வதில்லை. காப்பி ஆறும்வரை பேசுவதற்கு அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது.